ரிமோட் பவர்ஷெல்லில் நெட்வொர்க் டிரைவ் ஏறவில்லை: பாஸ்வேர்டை எழுதி வைக்காமல் வழி உண்டா?

பின்னல்கணினி கேட்டது:

வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணினி வேலை முழுவதையும் நான் ஒருவனே பார்த்துக்கொள்கிறேன். தலைமை அலுவலகத்தில் ஒரு டொமைன் கன்ட்ரோலர் (நிறுவனத்தின் கணக்குகளையும் லாகினையும் நிர்வகிக்கும் சர்வர்), விண்டோஸ் சர்வர் 2019 போட்ட ஒரு ஃபைல் சர்வர். கட்டிங் யூனிட் ஊருக்கு வெளியே இருக்கிறது, விபிஎன் வழியாக இணைப்பு. அங்கே பேட்டர்ன், மார்க்கர் (துணியில் வெட்டும் துண்டுகளை அடுக்கும் வரைபடம்) போடும் கணினிகள் எல்லாம் விண்டோஸ் 11, டொமைனில் சேர்ந்தவை.

ராத்திரி ஷிப்ட் முடிந்ததும் அந்தக் கணினிகளில் உள்ள மார்க்கர் ஃபைல்கள் தலைமை அலுவலக ஷேருக்கு (நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டருக்கு) வந்து சேர வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர் இதற்கு ஒரு பேட்ச் ஃபைல் எழுதியிருக்கிறார். முதல் வரியே நெட் யூஸ், அதாவது ஷேரை ஒரு டிரைவ் எழுத்தாக இணைக்கும் கட்டளை. இசட் டிரைவ், ஷேர் பாதை, அதற்கடுத்து டொமைன் அட்மின் பெயரும் பாஸ்வேர்டும் பச்சையாக. அந்த ஃபைல் எல்லாக் கணினியிலும் டெஸ்க்டாப்பில் கிடக்கிறது. யாராவது நோட்பேடில் திறந்தால் மொத்த நிறுவனத்தின் சாவியும் அவர் கையில். அடுத்த மாதம் பையர் தரப்பில் ஆடிட் வருகிறார்கள். ஆடிட் வராவிட்டாலும் இதை இப்படியே விட மனம் ஒப்பவில்லை.

அதனால் அந்த பேட்ச் ஃபைலைத் தூக்கிவிட்டு, என் மேஜையிலிருந்தே இன்வோக்-கமாண்ட் (வேறு கணினியில் கட்டளை ஓட்ட உதவும் பவர்ஷெல் கட்டளை) மூலம் ஒவ்வொரு கணினிக்குள்ளும் போய் நகல் எடுக்கப் பார்க்கிறேன். கணினிக்குள் போக முடிகிறது. ஆனால் அங்கிருந்து ஷேர் பாதையைத் தொட்டாலே ‘ஆக்சஸ் டினைடு’. நேரில் போய் அதே கணினியில் அதே பெயரில் லாகின் செய்தால் ஷேர் திறக்கிறது. ஏற்கெனவே போட்ட இசட் டிரைவும் ரிமோட் செஷனில் தெரிவதில்லை. சிஎம்டிகீ போட்டு பாஸ்வேர்டைச் சேமிக்கலாம் என்றால், இந்த லாகன் செஷனிலிருந்து சேமிக்க முடியாது என்று மறுத்துவிடுகிறது.

இணையத்தில் தேடினால் எல்லோரும் கிரெட்எஸ்எஸ்பி (லாகின் விவரத்தை அடுத்த கணினியிடம் ஒப்படைக்கும் முறை) இயக்கச் சொல்கிறார்கள். ஒரு கணினியில் இயக்கிப் பார்த்தேன், உடனே வேலை செய்தது. எல்லாவற்றிலும் இதையே போட்டுவிடலாமா? அல்லது வேறு முறை இருக்கிறதா?

---

வேகத்தட்டு பதில்:

ஷேர் பர்மிஷனை ஒருமுறை பாருங்கள். எவ்ரிஒன் குழுவுக்கு எழுதும் உரிமை கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். பாஸ்வேர்ட் தெரியக் கூடாது என்றால் ஸ்கிரிப்ட்டை இஎக்ஸ்இ ஆக மாற்றும் கருவிகள் இருக்கின்றன, அதில் போட்டுக் கொடுங்கள். நோட்பேடில் திறந்தாலும் படிக்க முடியாது.

---

ராக்வரிசை பதில்:

இரண்டு யோசனையும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நண்பர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் அந்த இஎக்ஸ்இ ஓடும்போது உள்ளே இருக்கும் ஸ்கிரிப்ட் நினைவகத்தில் அப்படியே விரிகிறது. பல கருவிகள் அதை டெம்ப் ஃபோல்டரில் எழுதிவிட்டே ஓட்டுகின்றன. அது பாதுகாப்பு அல்ல, கண்ணுக்கு ஒரு திரை. அப்புறம், ஷேர் பர்மிஷனை எவ்வளவு திறந்துவிட்டாலும் இந்தப் பிழை போகாது, ஏனென்றால் இது பர்மிஷன் சிக்கலே இல்லை.

நடப்பது இதுதான். உங்கள் மேஜையிலிருந்து யூனிட் கணினிக்குப் பவர்ஷெல் ரிமோட்டிங்கில் போகும்போது அது ‘நெட்வொர்க் லாகன்’, அதாவது லாகன் வகை 3. நீங்கள் யார் என்பதை நிரூபிக்கும் கெர்பரோஸ் (டொமைனில் அடையாளத்தைச் சரிபார்க்கும் முறை) டிக்கெட் மட்டும் அந்தக் கணினிக்குப் போகிறது. உங்கள் பாஸ்வேர்டும் போவதில்லை, உங்கள் பெயரில் புது டிக்கெட் வாங்கும் உரிமையும் போவதில்லை. மில் கேட்டில் வாட்ச்மேன் உங்கள் அடையாள அட்டையைப் பார்த்து உள்ளே விடுகிறார், ஆனால் அட்டை உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கிறது. வாட்ச்மேன் உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு பக்கத்து மில்லுக்குள் போக முடியாது. அதேபோல யூனிட் கணினி ஃபைல் சர்வரிடம் போய் ‘இவருக்காக வந்திருக்கிறேன்’ என்றால், சர்வர் கேட்கும் சான்று அதனிடம் இல்லை. இதை ‘டபுள் ஹாப்’ என்பார்கள். சிஎம்டிகீ மறுத்ததற்கும் இதே காரணம். நெட்வொர்க் லாகனில் பாஸ்வேர்டைப் பூட்டி வைக்கும் வசதி கிடையாது. இசட் டிரைவ் தெரியாததற்கும் விளக்கம் எளிது: டிரைவ் எழுத்து என்பது அதைப் போட்ட லாகன் செஷனுக்கு மட்டுமே உரியது.

இது கோளாறு இல்லை, வேண்டுமென்றே வைத்த தடுப்பு. அதனால்தான் கிரெட்எஸ்எஸ்பியை நான் எதிர்க்கிறேன். அது இந்தத் தடுப்பை எப்படித் தாண்டுகிறது என்று பாருங்கள். உங்கள் பெயரையும் பாஸ்வேர்டையும் முழுதாக யூனிட் கணினிக்கு அனுப்பி, அங்கே எல்எஸ்ஏஎஸ்எஸ் என்ற புராசஸின் நினைவகத்தில் வைக்கிறது. அந்தக் கணினியில் லோக்கல் அட்மின் உரிமை கிடைத்த எவரும் மிமிகேட்ஸ் போன்ற கருவியால் அதை வெளியே எடுத்துவிடலாம். டெஸ்க்டாப்பில் எழுதி வைத்த பாஸ்வேர்டை எடுத்து நினைவகத்தில் வைப்பதுதான் மாற்றம் என்றால், நீங்கள் படும் பாடு வீண். போதாக்குறைக்கு 2018 மார்ச்சில் கிரெட்எஸ்எஸ்பி நெறிமுறையிலேயே ஒரு பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு மைக்ரோசாஃப்ட் பேட்ச் விட்டது. கட்டிங் தளத்தில் ஷிப்டுக்கு ஒருவர் உட்காரும் கணினி, பென் டிரைவ் வந்து போகும் கணினி. அங்கே டொமைன் அட்மின் பாஸ்வேர்ட் எந்த வடிவத்திலும் போய்ச் சேரக் கூடாது. நீங்கள் இயக்கிய அந்த ஒரு கணினியில் டிசேபிள்-டபிள்யூஎஸ்மேன்-கிரெட்எஸ்எஸ்பி போட்டு இன்றைக்கே நிறுத்துங்கள்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் திசையை யோசியுங்கள். ஃபைல் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போக வேண்டும், அதை யார் எடுத்துப் போக வேண்டும்? உங்களுக்குத் தேவை ஃபைல், டிரைவ் இல்லை. பவர்ஷெல் 5.0 முதல் காப்பி-ஐட்டம் கட்டளையில் ‘ஃப்ரம்-செஷன்’ என்ற வசதி உண்டு. என் கணினியிலிருந்து யூனிட் கணினிக்கு ஒரு செஷன் திறந்து, அதன் வழியாகவே ஃபைலை என் பக்கம் இழுத்து, இங்கிருந்து நேராக ஷேரில் வைக்கலாம். ஃபைல் சர்வரைத் தொடுவது என் கணினி, அதனால் இரண்டாவது ஹாப்பே இல்லை. சில எம்பி அளவு மார்க்கர் ஃபைல்களுக்கு இது தாராளமாகப் போதும். ஜிபி கணக்கில் போனால் ரொம்ப மெதுவாக ஊரும், அப்போது கீழே சொல்வதைச் செய்யுங்கள்.

நான் பார்த்துக்கொள்ளும் இடத்தில் நடைமுறையில் இருப்பது இன்னொரு வழி, உங்களுக்கும் அதையே சிபாரிசு செய்வேன். ஒவ்வொரு யூனிட் கணினியிலும் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு டாஸ்க் உருவாக்குங்கள். அதை ‘சிஸ்டம்’ கணக்கில் ஓட விடுங்கள். உள்ளே ஒரு ரோபோகாப்பி (விண்டோஸில் ஃபைல் நகலெடுக்கும் கட்டளை) வரி மட்டும். டொமைனில் சேர்ந்த கணினிக்கு டொமைனில் தனிக் கணக்கு உண்டு, பெயரின் கடைசியில் டாலர் குறி இருக்குமே, அதுதான். சிஸ்டம் கணக்கில் ஓடும் எதுவும் நெட்வொர்க்கில் அந்தக் கணினியின் பெயரில்தான் போய் நிற்கும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்ட் எந்த மனிதருக்கும் தெரியாது, வழக்கமாக 30 நாளுக்கு ஒருமுறை கணினியே மாற்றிக்கொள்கிறது. ஆக, எழுதி வைக்க பாஸ்வேர்டே கிடையாது.

அதைச் செய்யும் விதம்: ஆக்டிவ் டைரக்டரியில் (டொமைனின் கணக்குப் பட்டியலில்) ஒரு குழு உருவாக்கி யூனிட் கணினிகளை அதில் சேருங்கள். ஷேரிலும் என்டிஎஃப்எஸ்ஸிலும் (டிஸ்கில் உள்ள ஃபோல்டரின் சொந்த பர்மிஷனிலும்) அந்தக் குழுவுக்கு உரிமை கொடுங்கள். இங்கேதான் பலர் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்வார்கள். குழுவில் சேர்த்த உடனே அந்தக் கணினிக்குத் தெரியாது, பழைய டிக்கெட்டையே வைத்துக்கொண்டு ‘டினைடு’ வாங்கிக்கொண்டிருக்கும். கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள், அல்லது கேலிஸ்ட் கட்டளையில் 0x3e7 என்ற லாகன் எண்ணைக் கொடுத்து ‘பர்ஜ்’ செய்யுங்கள், பழைய டிக்கெட்டுகள் அழிந்துவிடும். அந்த எண் சிஸ்டம் கணக்கின் செஷன். இன்னொன்று, ரோபோகாப்பி வரியில் சர்வரின் பெயரைக் கொடுங்கள், ஐபி எண் வேண்டாம். ஐபி கொடுத்தால் வழக்கமான அமைப்பில் கெர்பரோஸ் நடக்காது, என்டிஎல்எம் என்ற பழைய முறைக்கு இறங்கிவிடும். டிரைவ் எழுத்தும் வேண்டாம், முழு ஷேர் பாதையே போதும். டிரைவ் எழுத்து மனிதர் கிளிக் செய்ய வசதி, ஸ்கிரிப்ட்டுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இப்போது உங்கள் ரிமோட் ஸ்கிரிப்ட்டின் வேலை மிகச் சிறியது. இன்வோக்-கமாண்டில் போய் ஸ்டார்ட்-ஷெட்யூல்டுடாஸ்க், அவ்வளவுதான். டாஸ்க் தன் சொந்த அடையாளத்தில் ஓடுகிறது, உங்கள் அடையாளம் யூனிட் கணினியோடு நின்றுவிடுகிறது. ‘லாஸ்ட் ரன் ரிசல்ட்’ இடத்தில் 0x1 என்று பார்த்துப் பதற வேண்டாம். ரோபோகாப்பி 1 என்றால் ஃபைல்கள் நகலாகிவிட்டன என்று பொருள். 8, அதற்கு மேல் வந்தால்தான் தோல்வி.

ஷேரில் ஒவ்வொரு கணினிக்கும் தனி ஃபோல்டர் வையுங்கள். ஒரு கணினி கெட்டால் மற்றதன் ஃபைலை அழிக்க முடியக் கூடாது. ஃபைல் சர்வரில் ஷேடோ காப்பியும் (ஃபைல்களின் பழைய நிலையைச் சேமித்து வைக்கும் வசதி) இயங்கட்டும். ரான்சம்வேர் முதலில் தேடுவது எழுத முடிகிற ஷேர்களைத்தான்.

---

முனையம் பதில்:

ராக்வரிசை சொன்னது அருமை. ஒரு கேள்வி: ரிசோர்ஸ் பேஸ்டு கெர்பரோஸ் டெலிகேஷன் பற்றி நீங்கள் சொல்லவில்லையே? சர்வர் 2012 முதல் இருக்கிறது. ஃபைல் சர்வரின் கணினிக் கணக்கில் ‘இந்தக் கணினிகள் அடுத்தவர் பெயரில் வரலாம்’ என்று ஒரு வரி போட்டால் டபுள் ஹாப் தீர்ந்துவிடும், பாஸ்வேர்டும் எங்கும் போகாது. மைக்ரோசாஃப்ட் ஆவணத்திலும் கிரெட்எஸ்எஸ்பியை விட இதைத்தான் மேலாகச் சொல்கிறார்கள்.

---

ராக்வரிசை பதில்:

தெரிந்தேதான் விட்டேன். முறை நல்லது, ஆனால் இந்த இடத்துக்கு இல்லை. அந்த வரியில் ஒரு கணினியைச் சேர்த்துவிட்டால், அது ஃபைல் சர்வரிடம் எந்தப் பயனர் பெயரிலும் போய் நிற்கலாம். அந்தப் பயனர் அந்தக் கணினியைத் தொட்டிருக்கக்கூடத் தேவையில்லை. ‘டெலிகேட் செய்யக் கூடாது’ என்று குறித்த கணக்குகளும் புரொடெக்டட் யூசர்ஸ் குழுவில் உள்ளவையும் மட்டும்தான் விதிவிலக்கு. அதாவது, கட்டிங் தளத்தில் ஒரு கணினியைப் பிடித்தவர் அங்கிருந்தே கணக்குப் பிரிவு மேலாளராக ஃபைல் சர்வருக்குள் போகலாம். இதே ஏற்பாட்டை, அட்மின்கள் மட்டும் லாகின் செய்யும் ஒரு ஜம்ப் சர்வருக்குச் செய்தால் நான் தலையாட்டுவேன். பொதுத் தளத்தில் உள்ள கணினிக்கு மாட்டேன்.

ஜம்ப் சர்வருக்குச் செய்பவர்கள் கவனிக்க: மாற்றியதும் வேலை செய்யாவிட்டால் அமைப்பைக் குலைக்காதீர்கள். தோற்றுப்போன பதிலை விண்டோஸ் 15 நிமிடம் நினைவில் வைத்திருக்கும்.

டாஸ்க் சிஸ்டம் கணக்கில் ஓடுவது பிடிக்காதவர்களுக்கு ஜிஎம்எஸ்ஏ இருக்கிறது, குழு நிர்வகிக்கும் சர்வீஸ் கணக்கு. அதன் பாஸ்வேர்டையும் டொமைனே மாற்றிக்கொள்ளும். முதன்முறை கேடிஎஸ் ரூட் கீ (அந்தப் பாஸ்வேர்டுகளை உருவாக்க டொமைன் பயன்படுத்தும் மூலச் சாவி) உருவாக்கிய பிறகு 10 மணி நேரம் காத்திருக்க வேண்டும், அதனால் ஆடிட்டுக்கு முந்தின நாள் தொடங்காதீர்கள்.

---

பின்னல்கணினி பதில்:

அண்ணா, ரொம்ப நன்றி. இவ்வளவு நாள் பர்மிஷனையே நோண்டிக்கொண்டிருந்தவனுக்கு இப்போதுதான் விஷயம் பிடிபட்டது. கிரெட்எஸ்எஸ்பியை நிறுத்திவிட்டேன்.

டாஸ்க் வழியை ஒரு கணினியில் அமைத்தேன். நீங்கள் சொன்னபடியே முதலில் ‘டினைடு’, பர்ஜ் செய்த பிறகு ஓடியது. ஃபைல் சர்வரின் செக்யூரிட்டி லாகில் 4624 (லாகின் பதிவு) நிகழ்வைத் திறந்து பார்த்தேன். லாகன் வகை 3, கணக்கின் பெயர் யூனிட் கணினியின் பெயர், கடைசியில் டாலர் குறி, ஆதென்டிகேஷன் பேக்கேஜ் கெர்பரோஸ். என் பெயர் எங்குமே இல்லை.

இன்னும் இரண்டு கணினிகள் மிச்சம். ஒன்று பிளாட்டரோடு (மார்க்கரைத் தாளில் வரையும் இயந்திரம்) வந்த விண்டோஸ் 7 கணினி. பிளாட்டர் மென்பொருள் புது விண்டோஸில் ஓடாது என்று சப்ளையர் கைவிரித்துவிட்டார். டொமைனிலும் இல்லை. இன்னொன்று டிசைன் அறையில் உபுண்டு லினக்ஸ், எம்பிராய்டரி ஃபைல்கள் அதில். எஸ்எஸ்ஹெச் (லினக்ஸ் ரிமோட் லாகின்) வழியாக உள்ளே போய் மவுன்ட் கட்டளை கொடுத்து ஷேரை இணைக்கிறேன், அங்கேயும் பாஸ்வேர்டைக் கட்டளையிலேயே எழுதும்படி இருக்கிறது. ஷேருக்கு என்கிரிப்ஷன் போடலாமா என்றும் யோசிக்கிறேன்.

---

முனையம் பதில்:

உபுண்டு பக்கம் நான் சொல்கிறேன், தினமும் இதில்தான் இருக்கிறேன்.

பாஸ்வேர்டை மவுன்ட் கட்டளையில் எழுதினால் ஷெல் ஹிஸ்டரியில் தங்கும், ஓடும் நேரத்தில் பிஎஸ் (ஓடும் கட்டளைகளைப் பட்டியலிடும் கட்டளை) போட்டுப் பார்ப்பவருக்கும் தெரிய வாய்ப்பு உண்டு. எஃப்ஸ்டேப்பில் (மவுன்ட் ஆக வேண்டியவற்றைப் பட்டியலிடும் ஃபைல்) எழுதுவது இன்னும் மோசம், அந்த ஃபைலைக் கணினியில் உள்ள யாரும் படிக்கலாம். சிஐஎஃப்எஸ் (விண்டோஸ் ஷேர்) மவுன்ட்டில் ‘கிரெடென்ஷியல்ஸ்’ என்ற ஆப்ஷன் இருக்கிறது. ஒரு தனி ஃபைலில் யூசர்நேம், பாஸ்வேர்ட், டொமைன் என்று மூன்று வரி எழுதி, உரிமையாளர் ரூட் (லினக்ஸின் அட்மின்), பர்மிஷன் 600 (உரிமையாளர் மட்டும் படிக்கலாம், எழுதலாம்) என்று வையுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. பாஸ்வேர்டில் கமா இருந்தால் கட்டளையில் அது அடுத்த ஆப்ஷன் என்று வெட்டுப்பட்டுவிடும், தனி ஃபைலில் அந்தத் தொல்லை இல்லை. இதற்கென்று டொமைனில் தனிக் கணக்கு உருவாக்குங்கள். எம்பிராய்டரி ஃபோல்டர் தவிர வேறு எங்கும் அதற்கு உரிமை இருக்கக் கூடாது. ஃபைல் என்னதான் பூட்டியிருந்தாலும் ரூட் படிக்கலாம், அதனால் அந்தப் பாஸ்வேர்ட் வெளியே போனாலும் நஷ்டம் ஒரு ஃபோல்டரோடு நிற்க வேண்டும்.

உபுண்டுவை டொமைனில் சேர்க்க முடிந்தால் அந்த ஃபைலும் தேவையில்லை. ‘செக்’ ஆப்ஷனில் கேஆர்பி5 (கெர்பரோஸ்) கொடுத்து, கீடேப் (கணினிக் கணக்கின் சாவி இருக்கும் ஃபைல்) மூலம் கணினியின் அடையாளத்திலேயே மவுன்ட் செய்யலாம். ராக்வரிசை சொன்ன டாலர் குறிக் கணக்குதான் இங்கேயும்.

ஆப்ஷன்களில் ‘வெர்ஸ்’ 3.1.1 (எஸ்எம்பி, அதாவது ஷேர் பேசும் நெறிமுறையின் பதிப்பு) என்றும், ‘சீல்’ என்றும் சேருங்கள். சீல் என்றால் போகிற வழியில் என்கிரிப்ஷன் கட்டாயம், சர்வர் ஒத்துக்கொள்ளாவிட்டால் மவுன்ட் ஆகாது.

எஸ்எஸ்ஹெச்சில் வரும் ஸ்கிரிப்ட்டுக்கு ரூட் உரிமை கொடுக்காதீர்கள். மவுன்ட்டை ஒரு சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளை இயக்கும் அமைப்பு) யூனிட்டாக எழுதி வைத்து, தானாக மவுன்ட் ஆகும்படி ஆட்டோமவுன்ட் போட்டுவிடுங்கள். ஃபோல்டரைத் தொட்டதும் ஏறிவிடும், ஸ்கிரிப்ட் மவுன்ட் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். ஆதரைஸ்டு கீஸ் ஃபைலில் (எஸ்எஸ்ஹெச்சில் அனுமதித்த சாவிகளின் பட்டியல்) அந்த ஸ்கிரிப்ட்டின் கீக்கு முன்னால் ‘ரெஸ்ட்ரிக்ட்’, ‘கமாண்ட்’ என்று போட்டு, நகலெடுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை மட்டும் கட்டிவிடுங்கள். அந்தக் கீயைத் திருடியவர் செய்ய முடிவது நகலெடுப்பது மட்டுமே.

நான் எப்போதும் வலியுறுத்துவது ஒன்று. ஆர்சிங்க் (லினக்ஸில் நகலெடுக்கும் கட்டளை) ஓட்டுவதற்கு முன் ‘மவுன்ட்பாயின்ட்’ கட்டளையால் ஷேர் உண்மையிலேயே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாமலிருந்தால் அது வெறும் காலி ஃபோல்டர். ஆர்சிங்க் சத்தமே இல்லாமல் உள்ளூர் டிஸ்கிலேயே எழுதிவிட்டு வெற்றி என்று சொல்லும். டிஸ்க் நிறையும் வரை யாருக்கும் தெரியாது. மவுன்ட் ஆகாத நிலையில் அந்தக் காலி ஃபோல்டருக்கு சிஹெச்ஏடிடிஆர் கட்டளையில் ‘ப்ளஸ் ஐ’ போட்டு வைத்தால், ரூட்கூட அதில் தவறி எழுத முடியாது.

---

ராக்வரிசை பதில்:

ஷேர் என்கிரிப்ஷன் கட்டாயம் போடுங்கள், விபிஎன் இருந்தாலும். செட்-எஸ்எம்பிஷேர் கட்டளையில் என்கிரிப்ட்-டேட்டா ஆன் செய்தால் போதும், அந்த ஒரு ஷேருக்கு மட்டும் அமலாகும். ஆனால் அது எஸ்எம்பி 3.0 முதல்தான், அதாவது விண்டோஸ் 8, சர்வர் 2012 காலத்திலிருந்து. விண்டோஸ் 7 பேசுவது 2.1 வரைதான், அதனால் என்கிரிப்ஷன் போட்ட ஷேருக்குள் அதை சர்வர் விடவே விடாது. அந்த ஒரு கணினிக்காக ஷேரைத் திறந்து வைக்காதீர்கள். அதற்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்துவிட்டது. அது ஃபைல் சர்வரின் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

யூனிட்டிலேயே ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி வைத்து, அதில் சாம்பாவில் (லினக்ஸில் விண்டோஸ் ஷேர் வைக்கும் மென்பொருள்) ஒரு சின்ன ஷேர் திறங்கள். பிளாட்டர் கணினியைத் தனி விலேனில் (பிரித்து வைத்த நெட்வொர்க் பகுதியில்) போட்டு, 445 போர்ட் வழியாக அந்தப் பெட்டியை மட்டும் தொட ஃபயர்வாலில் அனுமதியுங்கள். அதற்கு அந்தப் பெட்டியிலேயே ஒரு லோக்கல் கணக்கு, டொமைனோடு சம்பந்தமில்லாதது. பெட்டியிலிருந்து தலைமை அலுவலகத்துக்கு முனையம் சொன்னபடி சீல் போட்டு அனுப்புங்கள். எஸ்எம்பி1ஐ மட்டும் யார் கேட்டாலும் இயக்காதீர்கள். 2017 மே மாதம் வானாக்ரை ரான்சம்வேர் அந்த வாசல் வழியாகத்தான் உலகம் முழுக்கப் போனது.

இன்னும் ஒரு வேலை பாக்கி, அதுதான் பெரியது. அந்த டொமைன் அட்மின் பாஸ்வேர்ட் ஏற்கெனவே வெளியே போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேட்ச் ஃபைலை அழித்தால் மட்டும் தீராது. நெட் யூஸ் கட்டளையில் போன பாஸ்வேர்ட், கமாண்ட் லைன் தணிக்கை இயக்கியிருந்தால் 4688 நிகழ்வில் எழுத்தோடு எழுத்தாகப் பதிவாகியிருக்கும். பவர்ஷெல்லில் போட்டிருந்தால் ஸ்கிரிப்ட் பிளாக் லாகில் 4104 நிகழ்வில் இருக்கலாம், ஒவ்வொரு பயனரின் ஆப்டேட்டாவுக்குள் பவர்ஷெல் வைத்திருக்கும் ஹிஸ்டரி ஃபைலிலும் இருக்கலாம். பேக்கப் டேப்பில் இருப்பதைத் தேடி அழிக்கவே முடியாது. எனவே பாஸ்வேர்டை மாற்றுவது ஒன்றுதான் தீர்வு. மாற்றுவதற்கு முன் அந்தக் கணக்கில் ஓடும் சர்வீஸ்களையும் டாஸ்க்குகளையும் எல்லா சர்வரிலும் பட்டியல் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் காலை பில்லிங் நின்றுவிடும்.

அப்படியே டொமைன் கன்ட்ரோலரில் சிஸ்வால் (டொமைன் பாலிசிகள் இருக்கும்) ஃபோல்டருக்குள் எக்ஸ்எம்எல் ஃபைல்களில் ‘சிபாஸ்வேர்ட்’ என்ற சொல்லை ஃபைண்ட்ஸ்டிஆர் கட்டளையால் தேடுங்கள். ஒரு காலத்தில் குரூப் பாலிசி பிரிஃபரன்ஸ் மூலம் டிரைவ் மேப் செய்யும்போது பாஸ்வேர்டையும் அதிலேயே கொடுக்க முடிந்தது. அது ஏஇஎஸ்ஸில் என்கிரிப்ட் ஆகி இருக்கும், ஆனால் அந்தக் கீயை மைக்ரோசாஃப்ட் தன் ஆவணத்திலேயே வெளியிட்டுவிட்டது. சிஸ்வாலை டொமைனில் உள்ள யாரும் படிக்கலாம். 2014 மே மாதம் வந்த பேட்ச் புதிதாக அப்படி எழுதுவதை மட்டும்தான் தடுத்தது, பழைய ஃபைல்களைத் தொடவில்லை.

---

பின்னல்கணினி பதில்:

தேடினேன், ஒன்று இருந்தது. டிரைவ்ஸ் எக்ஸ்எம்எல், 2012இல் எழுதியது. டொமைன் கன்ட்ரோலரை இரண்டு தலைமுறை மாற்றியும் கூடவே வந்திருக்கிறது. பேட்ச் ஃபைலில் இருந்த அதே அட்மின் பெயர், இசட் டிரைவுக்காக.

அந்தப் பாலிசியை எடுத்துவிட்டேன். சர்வீஸ் பட்டியல் எடுத்ததில் டேலி பேக்கப் டாஸ்க் ஒன்றும் பிரிண்டர் மானிட்டர் ஒன்றும் அந்தக் கணக்கில் ஓடுகின்றன. இரண்டையும் ஜிஎம்எஸ்ஏவுக்கு மாற்ற ரூட் கீ உருவாக்கியிருக்கிறேன், 10 மணி நேரம் முடியட்டும். ஞாயிற்றுக்கிழமை யூனிட் விடுமுறை, அன்று பாஸ்வேர்டை மாற்றுகிறேன். பிளாட்டருக்கான லினக்ஸ் பெட்டிக்கு முதலாளியிடம் பேசி அனுமதி வாங்கிவிட்டேன். முனையம் அண்ணா, சாம்பா அமைக்கும்போது சந்தேகம் வந்தால் இங்கேயே கேட்கிறேன்.